சிகரெட் விடுற மாத்திரை சாப்பிடப் போறீங்களா? பக்கவிளைவு, பாதுகாப்பு பத்தின முழு வழிகாட்டி

சிகரெட் விட டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காரு, இல்ல எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேக்கலாம்னு இருக்கீங்க, ஆனா நெட்ல தேடினதும் பயம் வந்துடுச்சு, அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இது. நான் அந்த கோர்ஸை முழுசா முடிச்சவன், அதுக்கப்புறம் ஆபீஸ்ல, சொந்தக்காரங்கள்ல, தெருவுலன்னு நிறைய பேரு கூட இருந்து பார்த்திருக்கேன், எல்லாரும் தடுக்கி விழுற இடம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டாவது வாரம் தூக்கம் போகும், இல்ல எதுக்கெடுத்தாலும் கோவம் வரும், உடனே "மாத்திரை ஒத்துக்கல"ன்னு அட்டையை தூக்கிப் போட்டுட்டு கடைக்குப் போயி ஒரு தம்மைப் பத்த வச்சிடுவாங்க.

அந்த நேரத்துல சந்தேகப்பட வேண்டியது மூணு. ஒண்ணு மாத்திரை, ரெண்டாவது உடம்புல நிகோட்டின் குறைஞ்சது, மூணாவது புகை நின்னதால நீங்க ஏற்கனவே சாப்பிடுற மத்த மருந்து உடம்புல ஏறிப்போறது. மூணும் வெளியில பாக்க ஒண்ணு போலவே இருக்கும். பிரிச்சுப் பாக்கணும்னா ஆரம்பத்துலேர்ந்தே வரிசை சரியா இருக்கணும், அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். எந்த மாத்திரை, எவ்ளோ டோஸுங்கிறது டாக்டர் முடிவு. அவர்கிட்ட என்ன சொல்லணும், வீட்ல எதைக் கவனிக்கணும்ங்கிறது மட்டும்தான் இங்க.

1. உங்க கையில இருக்கிறது எந்த மாத்திரை

சீட்டுல எழுதுறது பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு: வேரெனிக்லின் இல்ல புப்ரோபியான். 2021ல உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே ரெண்டும் சேந்துடுச்சு. பிராண்ட் பேர் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால அட்டையோட பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைத்தான் பாக்கணும்.

ரெண்டும் வேலை செய்யிற விதம் வேற. மூளையில நிகோட்டின் போய் உக்காருற இடத்துல வேரெனிக்லின் முன்னாடியே பஸ் சீட்டுல துண்டு போட்ட மாதிரி இடம் பிடிச்சிடும், கொஞ்சமா தூண்டியும் விடும், அதனால தவிப்பு குறையும், நடுவுல தம் அடிச்சாலும் பழைய சுகம் கிடைக்காது. புப்ரோபியான் அடிப்படையில மனச்சோர்வுக்கு கொடுக்கிற மருந்து, அதையே தம் விடவும் கொடுக்குறாங்க.

இது ஏன் முக்கியம்னா, மனச்சோர்வுக்காக வேற டாக்டர்கிட்ட ஏற்கனவே புப்ரோபியான் வாங்கி சாப்பிடுறவங்க இருக்காங்க, இங்க வேற பிராண்ட் பேர்ல அதே மருந்து இன்னொரு தடவை வந்தா டோஸ் ரெட்டிப்பாகும், வலிப்பு வர்ற வாய்ப்பு எகிறிடும். பழைய அட்டை எல்லாத்தையும் புது டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

"சாம்பிக்ஸ்ல கேன்சர் வரும்னு தூக்கிட்டாங்களே"ன்னு கேக்காத ஆளே இல்ல. சாம்பிக்ஸ்ங்கிறது ஃபைசர் விக்கிற வேரெனிக்லினோட பிராண்ட் பேர். 2021ல அந்த மாத்திரையில நைட்ரோசமைன்ங்கிற, கேன்சர் வாய்ப்பைக் கூட்டலாம்னு கருதுற ரசாயன வகை மாசு ஒண்ணு அனுமதிச்ச அளவுக்கு மேல இருந்ததால ஃபைசர் கம்பெனி திருப்பி வாங்கிக்கிச்சு, அது உண்மைதான். பிரச்சினை அந்த மாசுல, வேரெனிக்லின் மருந்துல இல்ல. அதே வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்க மருந்து நிர்வாகம் ஜெனரிக் வேரெனிக்லினுக்கு, அதாவது வேற கம்பெனி தயாரிக்கிற அதே மருந்துக்கு, அனுமதி கொடுத்துடுச்சு.

2. டாக்டரைப் பாக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எழுதுங்க

வாயால சொல்லிக்கலாம்னு போனா பாதி மறந்துடும், மீதி பாதி கூட வீட்டுக்காரம்மாவோ அப்பாவோ இருக்காங்கன்னு சொல்ல மாட்டீங்க. அதனால எழுதி மடிச்சு டாக்டர் கையில கொடுத்துடுங்க, இந்த ஒரு வேலை மீதி எல்லாத்தையும் விட பெருசு, பெரிய ஆபத்து பலதும் இங்கயே தடுக்கப்படுது.

முதல் வரி வலிப்பு. சின்ன வயசுல ஒரு தடவை வந்திருந்தாலும் எழுதுங்க, தலையில பெரிய அடி பட்டதையும் எழுதுங்க. வலிப்பு நோய் இருக்கிறவங்களுக்கு புப்ரோபியான் கூடவே கூடாது. வேரெனிக்லின் கொடுக்கிறதா இருந்தாலும் டாக்டர் யோசிச்சுத்தான் கொடுப்பாரு, ஏன்னா அதுலயும் அபூர்வமா வலிப்பு வந்திருக்கு. சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடம்பைக் குறைக்கிறது, சாப்பிட்டுட்டு வேணும்னே வாந்தி எடுக்கிறது, இந்தப் பழக்கம் இப்ப இருந்தாலும் முன்னாடி இருந்தாலும் புப்ரோபியான் கிடையாது. யாருமே தானா சொல்லாத விஷயம் இது.

அடுத்தது குடி. தினமும் எவ்ளோ, வாரத்துக்கு எவ்ளோ, உண்மையான கணக்கு. தினமும் நல்லா குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா அதுலயே வலிப்பு வரலாம், அந்த நேரத்துல புப்ரோபியானும் உள்ள போனா ரெண்டும் சேந்துக்கும். நம்ம ஊர்ல இது சும்மா பேச்சுக்கு சொல்றது இல்ல, சபரிமலைக்கு மாலை போடுற அன்னைக்கே குடி, தம் ரெண்டையும் விட்டுட்டு "அப்படியே மாத்திரையும் ஆரம்பிச்சிடலாம்"னு வர்றவங்க கார்த்திகை மாசத்துல நிறைய. நல்ல எண்ணம்தான், ஆனா கடுமையா குடிச்சவங்க குடியை நிறுத்துறதுக்கே தனியா டாக்டர் உதவி வேணும், அதை முடிச்சுட்டு மாத்திரைக்கு வரலாமா, வேற மாத்திரை கொடுக்கலாமான்னு அவர் சொல்லுவாரு. தூக்க மாத்திரை, பதட்டத்துக்கான மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டு சட்டுனு நிறுத்துறதும் இதே கணக்குதான்.

கிட்னி பிரச்சினை இருந்தா, இல்ல சுகர், பிரஷர் ரொம்ப வருஷமா இருந்தா, கடைசியா எடுத்த கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போங்க. வேரெனிக்லின் 90 சதவீதத்துக்கு மேல அப்படியே சிறுநீர்லதான் வெளிய போகுது. கிட்னி ரொம்ப மந்தமா இருந்தா மருந்து உள்ளயே தேங்கும், அதனால டோஸ் பாதியாகும். புப்ரோபியானுக்கு லிவர் கணக்கு, மஞ்சள் காமாலை, லிவர் சுருக்கம் எது இருந்தாலும் எழுதணும்.

மனநலத்துக்கு எடுத்த சிகிச்சை, இப்பவோ பத்து வருஷம் முன்னாடியோ, எழுதுங்க. ஹார்ட் அட்டாக், ஆஞ்சியோ, பக்கவாதம் எதுவா இருந்தாலும் தேதியோட எழுதுங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, பால் கொடுக்கிறவங்க, 18 வயசு ஆகாதவங்க இந்த ரெண்டு மாத்திரையையும் தானா ஆரம்பிக்கவே கூடாது.

கடைசியா இப்ப சாப்பிடுற எல்லா மருந்தும், மெடிக்கல்ல கேட்டு வாங்குறது உட்பட. டிரமடால் வலி மாத்திரை, வீஸிங்குக்கு தியோஃபிலின், மாத்திரையா எடுக்கிற ஸ்டீராய்டு, சுகருக்கு போடுற இன்சுலின், இதெல்லாம் புப்ரோபியானோட சேரும்போது வலிப்பு வாய்ப்பைக் கூட்டும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுறவங்க உடம்புல புப்ரோபியான் அந்த மருந்தோட வேலையைக் குறைக்கலாம். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் எடுத்தா அந்த மருந்து ரத்தத்துல கூடிப் போகலாம், நாடி ரொம்ப இறங்கலாம். ஹான்ஸ், பான்பராக், பீடி இருந்தா அதையும் சேத்து எழுதணும், டாக்டர் சிகரெட்டை மட்டும் கேட்டாருன்னு மத்ததை மறைக்கக் கூடாது.

3. நாள் குறிக்கிறது: மாத்திரை முன்னாடி, தம் நிறுத்துறது பின்னாடி

புதுசா வர்றவங்க அதிகமா குழம்புறது இங்கதான். மாத்திரை போட்ட அன்னைக்கே தம்மை நிறுத்திட்டு "ஒண்ணும் வேலை செய்யல"ன்னு சொல்லுவாங்க. மருந்து ரத்தத்துல நிலையா நிக்க கொஞ்ச நாள் ஆகும், அதனாலதான் வேரெனிக்லினை தம் விடுற நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியும் புப்ரோபியானை ஒண்ணுலேர்ந்து ரெண்டு வாரம் முன்னாடியும் ஆரம்பிக்கச் சொல்றாங்க. அந்த நாட்கள்ல தம் அடிச்சுக்கலாம், அது தப்பு இல்ல, திட்டமே அதுதான்.

இந்த இடைவெளியில இன்னொரு லாபம் இருக்கு, அதைத்தான் யாரும் சொல்றது இல்ல. அந்த ஒரு வாரம் நீங்க தம்மும் அடிக்கிறீங்க, மாத்திரையும் சாப்பிடுறீங்க. நிகோட்டின் குறையல, புகையும் நிக்கல. அப்ப புதுசா ஏதாவது வந்தா அது பெரும்பாலும் மாத்திரையாலதான். ஒரு சின்ன நோட்டுல, இல்ல போன்ல, மாத்திரை ஆரம்பிச்ச தேதியையும் தம் நிறுத்தின தேதியையும் பெருசா எழுதிட்டு, தினமும் ஒரு வரி போடுங்க: தூக்கம், வயிறு, மனசு, எத்தனை தம், எத்தனை காப்பி. ஏழாவது படியில இது தேவைப்படும்.

வேரெனிக்லினுக்கு மாத்திரை ஆரம்பிச்ச 8ஆவது நாள்லேர்ந்து 35ஆவது நாளுக்குள்ள ஒரு நாளை தம் விடுற நாளா எடுத்துக்கிற முறையும் இருக்கு, சட்டுனு விட முடியாதவங்க 12 வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு விடுற முறையும் இருக்கு. எது உங்களுக்குன்னு கேட்டு முடிவு பண்ணிக்கங்க. முதல் வாரம் நைட் ஷிப்ட், நீண்ட டிரைவிங், பரிட்சை எதுவும் வராத மாதிரி பாத்துக்கங்க.

4. டோஸை ஏத்துறது படிப்படியா

வேரெனிக்லினோட வழக்கமான கணக்கு: முதல் 3 நாள் 0.5 மில்லிகிராம் ஒரு வேளை, 4லேர்ந்து 7ஆவது நாள் வரைக்கும் 0.5 மில்லிகிராம் ரெண்டு வேளை, 8ஆவது நாள்லேர்ந்து 1 மில்லிகிராம் ரெண்டு வேளை. மெதுவா ஏத்துறதுக்கு காரணம் குமட்டல்தான், நேரா 1 மில்லிகிராம்ல குதிச்சா வயிறு தாங்காது. மெடிக்கல்ல சில சமயம் 0.5 ஸ்டாக் இல்லன்னு 1 மில்லிகிராம் அட்டையையே கொடுத்து "பரவால்ல சார் இதையே போடுங்க"ம்பாங்க. வாங்காதீங்க, வேற கடை பாருங்க.

புப்ரோபியான் வழக்கமா 150 மில்லிகிராம் ஒரு வேளைன்னு 3 நாள், அப்புறம் 150 மில்லிகிராம் ரெண்டு வேளை, ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 8 மணி நேரம். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த அளவுல வலிப்பு வர்றது சுமார் ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு, டோஸ் ஏற ஏற அது பல மடங்காகும். வயசானவங்களுக்கும் கிட்னி, லிவர் சிக்கல் இருக்கிறவங்களுக்கும் டாக்டர் இதை விட குறைச்சே கொடுக்கலாம்.

இந்த மாத்திரை மெதுவா கரையிற வகை. பெருசா இருக்குன்னு உடைச்சோ, பொடி பண்ணியோ, மென்னோ சாப்பிட்டா பல மணி நேரத்துல இறங்க வேண்டிய மருந்து மொத்தமா இறங்கிடும். முழுசா விழுங்கணும், முடியலைன்னா டாக்டர்கிட்ட சொல்லணும்.

ஒரு வேளை மறந்துட்டா? விட்டுடுங்க, அடுத்த வேளைக்கு ஒண்ணு மட்டும் போடுங்க. "காலையில மறந்தேன், ராத்திரி ரெண்டா போட்டுட்டேன்"ங்கிறது ரெண்டு மாத்திரையிலயும் தப்பு, புப்ரோபியான்ல ஆபத்தும் கூட.

5. சாப்பாடும் நேரமும்

வேரெனிக்லினை சாப்பிட்டதுக்கப்புறம் முழு டம்ளர் தண்ணியோட போடணும். சாப்பாடுன்னா இட்லி, தோசை, சோறு, ஏதாவது வயித்துல நிக்கிறது. நம்ம ஆளுங்க பலபேருக்கு காலை டிபனே ஒரு டீயும் ஒரு தம்மும்தான், அந்த டீயோட மாத்திரையைப் போட்டுட்டு பஸ் ஸ்டாண்ட்ல வாந்தி எடுத்துட்டு மாத்திரையைத் திட்டுவாங்க. விரதம் இருந்து ஒரு வேளை மட்டும் சாப்பிடுறவங்க, நோன்பு வைக்கிறவங்க ரெண்டாவது வேளையை எப்ப போடுறதுன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

ராத்திரி டோஸை படுக்கப் போகும்போது போடாதீங்க, கொஞ்சம் சீக்கிரம் சாப்பிட்டு அதோட போட்டுடுங்க, கனவுத் தொல்லை குறையும். புப்ரோபியானோட ரெண்டாவது டோஸ் சாயந்திரமே போயிடணும், காலையில 8 மணின்னா சாயந்திரம் 4, 5 மணி. 8 மணி நேர இடைவெளியும் கிடைக்கும், தூக்கமும் தப்பும்.

6. முதல் ரெண்டு வாரம் என்ன வரும், எதைப் பொறுத்துக்கலாம்

வேரெனிக்லின்ல முதலிடம் குமட்டலுக்கு, முழு டோஸ்ல 10 பேர்ல சுமார் 3 பேருக்கு வரும். பெரும்பாலும் லேசாத்தான் இருக்கும், சில பேருக்கு வாரக்கணக்கா இழுக்கும். சாப்பாடு, தண்ணி சரி பண்ணியும் அடங்கலைன்னா டாக்டர் டோஸைக் குறைப்பாரு, அதுக்குன்னு கோர்ஸையே நிறுத்த வேண்டியது இல்ல. நீங்களா ஒரு வேளை போட்டு ஒரு வேளை விட்டு விளையாடுறதை விட ஒரு போன் பண்ணிக் கேக்குறது மேல்.

அடுத்தது கனவு. கெட்ட கனவுன்னு இல்ல, சினிமா மாதிரி தெளிவா, எழுந்ததுக்கப்புறமும் ஞாபகம் இருக்கிற மாதிரி வரும், சில பேருக்கு அது பிடிக்கக்கூட செய்யுது. மலச்சிக்கல், வாயு, தலைவலி இதெல்லாம் கூட வரும். புப்ரோபியான்ல தூக்கம் போறதும் வாய் வறண்டு போறதும்தான் பெரிய புகார்.

வண்டி ஓட்டுறவங்க கவனம். வேரெனிக்லின்ல சில பேருக்கு தலைசுத்தல், திடீர் தூக்கம், கவனம் சிதறுறது வந்து விபத்தே ஆகியிருக்கு. மாத்திரை உங்களை என்ன பண்ணுதுன்னு தெரியிற வரைக்கும் பைக், கார், மெஷின் வேலை எல்லாத்தையும் தள்ளி வைங்க. டிரைவர் வேலை பாக்குறவங்க இதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லணும், லீவு போட்டு ஆரம்பிக்கிறதுதான் நல்லது.

சரக்கு விஷயம். வேரெனிக்லின் சாப்பிடும்போது வழக்கமா குடிக்கிற அளவே சில பேருக்கு ரொம்ப ஏறிடுது, சண்டைக்குப் போறது, நடந்தது எதுவும் ஞாபகம் இல்லாம போறது எல்லாம் பதிவாகியிருக்கு. "எனக்கு ரெண்டு பெக்கெல்லாம் ஒண்ணுமே பண்ணாது"ங்கிற பழைய கணக்கு இப்ப செல்லாது.

புப்ரோபியான்ல சிறுநீர் டெஸ்ட்ல ஆம்ஃபெட்டமைன் போதைப்பொருள் இருக்கிற மாதிரி தப்பா பாசிட்டிவ் வரலாம். கப்பல் வேலை, வெளிநாட்டு வேலைன்னு மெடிக்கல் டெஸ்ட்டுக்குப் போறவங்க டாக்டர் சீட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

7. மாத்திரையா, நிகோட்டினா, புகையா: பிரிச்சுப் பாக்குறது எப்படி

இப்ப அந்த நோட்டை எடுங்க. தொந்தரவு எந்த தேதியில ஆரம்பிச்சுதுன்னு பாருங்க.

மாத்திரை ஆரம்பிச்ச சில நாள்ல, இன்னும் தம் அடிச்சிட்டு இருக்கும்போதே வந்துச்சா, இல்ல டோஸ் ஏறின நாள்ல கூடுச்சா? மாத்திரை பக்கம் சாயுங்க. குமட்டல், விசித்திரக் கனவு, வாய் வறட்சி பெரும்பாலும் இந்த வகை.

தம் நிறுத்தின முதல் நாள், ரெண்டாவது நாள் ஆரம்பிச்சு கிடுகிடுன்னு ஏறுச்சா? எரிச்சல், பொறுமையில்லாம போறது, மனசு டல்லாகுறது, எதிலயும் கவனம் நிக்காம போறது, பசி, தூக்கம் கெடுறது, இதெல்லாம் நிகோட்டின் போனதோட வேலை. மாத்திரையே சாப்பிடாம தம் விட்டவங்களுக்கும் இதேதான் வரும். முதல் வாரம் உச்சத்துல இருக்கும், ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல இறங்கிடும். இந்த நேரத்துல மாத்திரையை நிறுத்தினா தவிப்பு கூடத்தான் செய்யும், அடக்கி வச்சிட்டு இருந்ததையே எடுத்துட்டீங்க இல்லையா.

மூணாவதுதான் யாருக்குமே தெரியாதது. சிகரெட் புகையில இருக்கிற தார் வகை ரசாயனங்கள் லிவர்ல ஒரு என்சைமை வேகமா ஓட வைக்கும், அந்த என்சைம் சில மருந்துகளை சீக்கிரம் சிதைச்சிடும். அதனால தம் அடிக்கிறவங்களுக்கு டாக்டர் அந்த மருந்தை கூடுதல் டோஸ்ல வச்சிருப்பாரு. புகை நின்ன ஒரு வாரத்துக்குள்ள என்சைம் பழைய நிலைக்கு இறங்கிடும், ஆனா டோஸ் அதே டோஸ், அப்ப மருந்து ரத்தத்துல ஏறும். இதுக்கு வேரெனிக்லினும் காரணம் இல்ல, நிகோட்டினும் காரணம் இல்ல. நிகோட்டின் கம் (மெல்லுறது), பேட்ச் (தோல்ல ஒட்டுறது) போட்டு விட்டாலும் இது நடக்கும்.

யாரு பாக்கணும்னா, வீஸிங்குக்கு தியோஃபிலின் சாப்பிடுறவங்க, டெரிஃபிலின்ல இருக்கிறதும் அதுதான், ரொம்ப நாள் தம் அடிச்சவங்கள்ல எத்தனையோ பேர் வீட்ல அது இருக்கும். படபடப்பு, கை நடுக்கம், வாந்தி வந்தா சிகரெட் மாத்திரையைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாக்கணும். மனநலத்துக்கு க்ளோசபின், ஓலன்சபின் எடுக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், தூக்கம் சொக்குறது, எச்சில் வழியிறது, தலைசுத்தல் வரலாம், க்ளோசபின்ல வலிப்பு வரைக்கும் போகும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கிறவங்க தம் விட்டதுக்கப்புறம் ஐஎன்ஆர் டெஸ்ட்டை (ரத்தம் எவ்ளோ வேகமா உறையுதுன்னு பாக்குறது) வழக்கமான தேதிக்கு முன்னாடியே ஒரு தடவை எடுத்துடுங்க. இன்சுலின் போடுறவங்களுக்கு சுகர் இறங்கலாம், அடிக்கடி குத்திப் பாருங்க. அதனால தம் விடுற தேதியை சிகரெட் மாத்திரை கொடுத்த டாக்டர்கிட்ட மட்டும் இல்ல, இந்த மருந்தெல்லாம் எழுதுற டாக்டர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லணும். திரும்ப தம் ஆரம்பிச்சிட்டாலும் சொல்லணும், அப்ப மருந்து இறங்கிடும்.

மருந்தே சாப்பிடாதவங்களுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, அது காப்பி. காப்பியில இருக்கிற கெஃபைனையும் அதே என்சைம்தான் சிதைக்குது, தம் விட்டா அதே நாலு காப்பி உடம்புக்கு எட்டு காப்பி மாதிரி ஆகிடலாம். படபடப்பா இருக்கு, ராத்திரி கொட்ட கொட்ட முழிச்சிருக்கேன், மாத்திரை ஒத்துக்கலன்னு சொல்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறதே ஒரு நாளைக்கு எத்தனை காப்பி, டீன்னுதான். தம் விட்ட அன்னையிலேர்ந்து பாதியா குறைங்க, மதியத்துக்கு மேல வேண்டாம்.

8. மனசு பத்தின பயம்

வேரெனிக்லின்னு தேடினாலே தற்கொலை எண்ணம் வரும்னு பழைய செய்திங்க குவியும். 2009ல அமெரிக்க மருந்து நிர்வாகம் ரெண்டு மாத்திரைக்குமே கருப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை (அவங்க வைக்கிறதுலயே ரொம்ப கடுமையானது) வைக்கச் சொன்னது நிஜம். அதுக்கப்புறம் 16 நாட்டுல 8,000 பேருக்கு மேல வச்சு ஒரு பெரிய ஆய்வு நடத்தினாங்க, மனநோய் இருந்தவங்க, இல்லாதவங்க ரெண்டு பேரையும் சேத்து. 2016ல முடிவு வந்தப்ப வேரெனிக்லின், புப்ரோபியான் சாப்பிட்டவங்களுக்கும் நிகோட்டின் பேட்ச் போட்டவங்களுக்கும் மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் கடுமையான மனநலத் தொந்தரவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. அந்த வருஷம் டிசம்பர்லயே கட்டம் போட்ட எச்சரிக்கையை எடுத்துட்டாங்க.

அதுக்காக கண்டுக்காம விட்டுடலாம்னு இல்ல. மனநலப் பிரச்சினை முன்னாடி இருந்தவங்களுக்கு எந்த மருந்தா இருந்தாலும், வெத்து மாத்திரையா இருந்தாலும், இந்தத் தொந்தரவு மத்தவங்களை விட கூடுதலாவே வந்துச்சு. தம் விடுறதே மனசைக் குலுக்குற வேலை. அதனால மாத்திரை ஆரம்பிக்கும்போதே வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க: நான் வழக்கத்துக்கு மாறா நடந்தா, யார்கிட்டயும் பேசாம ஒதுங்கினா, காரணமில்லாம வெறி பிடிச்ச மாதிரி கத்தினா எனக்கு சொல்லு, நான் கேக்கலைன்னா டாக்டருக்கு சொல்லு. அவஸ்தைப்படுற ஆளுக்கு தன்கிட்ட வந்த மாற்றம் கடைசியாத்தான் தெரியும்.

செத்துடலாம்னு எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, நோட்டைப் பாத்து ஆராய்ச்சி பண்ண வேண்டாம். மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, தனியா இருக்காதீங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க.

9. உடனே நிறுத்த வேண்டியது

வலிப்பு வந்தா அந்த மாத்திரை அன்னையோட முடிஞ்சுது, திரும்ப ஆரம்பிக்கக் கூடாது. முகம், உதடு, நாக்கு, தொண்டை வீங்கினா, மூச்சு விட கஷ்டமா இருந்தா, தோல்ல தடிப்போட கொப்புளம் வந்தா, வாய்க்குள்ள புண்ணு புண்ணா வந்து தோல் உரிஞ்சா, அடுத்த வேளையைப் போடாம நேரா ஆஸ்பத்திரி. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது, வாய் கோணுறதுக்கு 108. போகும்போது அட்டையையும் எடுத்துட்டுப் போங்க, "ஏதோ சிகரெட் மாத்திரை"ன்னு சொன்னா கேஷுவால்ட்டில யாருக்கும் புரியாது.

தூக்கத்துல எழுந்து நடக்குறது அபூர்வமா வேரெனிக்லின்ல வந்திருக்கு. வீட்ல யாராவது பாத்து சொன்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

10. நடுவுல வர்ற சந்தேகங்க

நடுவுல ஒரு தம் அடிச்சிட்டா மாத்திரையை நிறுத்தணுமா? வேண்டாம். தம்மும் மாத்திரையும் சேந்தா விஷம்னு ஒரு பேச்சு இருக்கு, முதல் வாரம் திட்டப்படியே ரெண்டும் சேந்துதானே போச்சு.

புப்ரோபியான் சாப்பிடுறவங்க பிரஷர் பாத்துக்கணும், கூடவே நிகோட்டின் பேட்சும் போட்டா இன்னும் அடிக்கடி பாக்கணும், ரெண்டும் சேரும்போது பிரஷர் ஏறுறது கூடுதல். நம்ம ஊர்ல 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கிறதால பலபேர் மாத்திரையோட கம்மையும் தானா சேத்துக்கிறாங்க. சில பேருக்கு டாக்டரே அப்படி சேத்துக் கொடுப்பாரு, ஆனா கேக்காம போட்டா குமட்டலும் தலைவலியும் கூடும்போது எது காரணம்னு கண்டுபிடிக்க முடியாது.

11. கோர்ஸை முடிக்கிறது

வேரெனிக்லின் 12 வாரம், புப்ரோபியான் பொதுவா 7லேர்ந்து 12 வாரம். நாலாவது வாரம் தம் ஞாபகமே வரலன்னு நிறுத்துறவங்க நிறைய, ஞாபகம் வராததுக்கு மாத்திரையும் ஒரு காரணம்ங்கிறதை மறந்துடுறாங்க. 12 வாரத்துல விட்டவங்களுக்கு அப்படியே தங்குறதுக்காக இன்னொரு 12 வாரம் வேரெனிக்லின் கொடுக்கிறதும் உண்டு. நிறுத்தும்போது சில பேருக்கு எரிச்சல், தூக்கக் கேடு, தம் ஆசை கொஞ்ச நாள் எட்டிப் பாக்கும், தேவைன்னா டாக்டர் படிப்படியா குறைப்பாரு.

12. மிச்சமான அட்டையும் போன் நம்பரும்

மிச்சம் இருக்கிற மாத்திரையை "நீயும் விடுடா"ன்னு நண்பனுக்கு கொடுக்காதீங்க, ரெண்டாவது படியில எழுதின பேப்பரை அவன் எழுதல. அவனை டாக்டர்கிட்ட அனுப்புங்க, இல்ல தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356ஐக் கொடுங்க, சிகரெட் பாக்கெட் மேலயே அச்சடிச்சிருக்கும்.

கடுமையான பக்கவிளைவு வந்திருந்தா இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தோட 1800-180-3024ல நோயாளியே புகார் பதியலாம், டாக்டர் மூலமாத்தான் போகணும்னு இல்ல. மருந்துப் பேர், கம்பெனி, அட்டையில இருக்கிற பேட்ச் நம்பர், ஆரம்பிச்ச தேதி, தொந்தரவு வந்த தேதி, கூட சாப்பிட்ட மத்த மருந்து இதையெல்லாம் கையில வச்சிட்டு கூப்பிடுங்க. பேட்ச் நம்பர் பெரும்பாலும் அட்டையோட ஓரத்துல இருக்கும், மாத்திரையைப் பிதுக்கும்போது அந்த ஓரத்தைக் கிழிச்சிடாதீங்க.